சிகிச்சையாளரையும் நீங்கள் நேர்காணல் செய்யலாம்

கேள்வி: எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிரிவுப் பொறுப்பைத் தர முன்வந்தார்கள். எனக்குத் தகுதி இல்லை என்று மறுத்துவிட்டேன். அந்த இடத்துக்கு வந்தவருக்கு இப்போது நான்தான் ஜிஎஸ்டி கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது பாராட்டினால் கேலியோ என்று தோன்றுகிறது. ஓர் ஆலோசகரிடம் போனேன். நேரம் முழுக்க அவரே பேசினார். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். மறுபடி போக விருப்பமில்லை. ஆனால் அவர் மனம் புண்படுமே என்று அடுத்த சந்திப்புக்கும் பணம் கட்டிவிட்டு வந்தேன். நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்குத் தெரியாமல் போகலாமா? இது சின்ன விஷயம் என்றால் பதில் போட வேண்டாம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அந்தக் கடைசி வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். தன்னைக் குறைவாக நினைப்பவர்கள் சிகிச்சையாளரையும் அதே பணிவோடுதான் தேடுகிறார்கள். முதலில் கிடைத்தவர் முன் கைகட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். கட்டிய பணம் போகட்டும். அங்கே திரும்பப் போகாதீர்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

மனநல ஆலோசகர் என்ற பலகையைச் சில மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் மாட்டிக்கொள்கிறார். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. பட்டமோ டி.பி.எம். பட்டயமோ படித்தவர், மருந்து எழுதுவார். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தரமாட்டார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். உங்களுக்கு இவர்தான் பொருத்தம். ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும்.

போனிலேயே கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன, கட்டணம் எவ்வளவு, தன்மதிப்புக் குறைவுக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், தமிழில் பேசலாமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சிறு வயதில் வீட்டில் கேட்ட வசவுகளை ஆங்கிலத்தில் சொன்னால் அதன் சூடு போய்விடும். இந்தக் கேள்விகளுக்கு எரிந்து விழுபவர் உங்களுக்கு வேண்டாம். கேட்கும்போது உங்கள் குரல் நடுங்கும், நடுங்கட்டும். சிகிச்சையில் பாதி வேலை அதுதான்.

முதல் சந்திப்பில் ஒரு படிவத்தை நீட்டலாம். தன்மதிப்பை அளக்க அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட 10 வாக்கியங்கள் அதில் இருக்கும். மதிப்பெண் குறைந்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள், அது பரீட்சை அல்ல. பிறகு, சிந்தனை-நடத்தைச் சிகிச்சை தருபவரானால், எனக்குத் தகுதி இல்லை என்ற எண்ணத்துக்கு ஆதாரம் கேட்பார். வவுச்சர் இல்லாத செலவை நீங்கள் கணக்கில் ஏற்றுவீர்களா? இந்த ஒரு வரியை மட்டும் இத்தனை வருடமாக ஏற்றி வந்திருக்கிறீர்கள். வாரம் ஒருமுறை, சில மாதங்கள் ஆகும். ஒரே அமர்வில் மாற்றிக்காட்டுகிறேன் என்பவர் சிகிச்சையாளர் அல்ல, வியாபாரி.

செலவு கவலையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் வழி உண்டு. டெலி மானஸ் எண் 14416. 2022 முதல் இயங்கும் இலவச அரசு மனநலத் தொலைபேசி சேவை, தமிழிலும் பேசலாம். இரவில் மனம் மிகவும் கனத்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலோ விடியும் வரை காத்திருக்காமல் அழையுங்கள்.

வீட்டுக்குத் தெரிய வேண்டுமா? நீங்கள் வயதுவந்தவர். உங்கள் சம்மதமின்றிச் சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

அந்தப் பொறுப்பு மறுபடி வந்தால் உடனே மறுக்காதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி சொல்லிக்கொடுக்கும் விஷயம் உங்கள் மேலாளருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அதையும் சொல்லிவையுங்கள்.