துணைக்கு யார்?

கேள்வி: இருபது வருடமாக ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் மேடை நாடகத்தில், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேஷம் கட்டுகிறேன். வள்ளி திருமணத்துக்கு என்னைத் தேடி வருவார்கள். தேதி ஒத்துக்கொள்வதும் அட்வான்ஸ் வாங்குவதும் என் கணவர்தான். துணைக்கு அம்மா வருவார், 71 வயது. மேடைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். மகளுக்கு வரன் பார்க்கிறோம். "நாடகக்காரி மகள் என்று பேச்சு வரும், நமக்குக் கௌரவம் முக்கியம், இந்த ஆடியோடு விட்டுவிடு" என்கிறார் கணவர். மேடை ஏறாமல் என்னால் இருக்க முடியுமா தெரியவில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்க வள்ளியின் ஜடையும் ஒட்டியாணமும். இன்னொரு பக்கம், தர்க்கத்தில் நாரதரை நீங்கள் மடக்கிய கதை. மீதியெல்லாம் கணவர். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியிலேயே நான் நின்றுவிட்டேன்.

அந்தப் பாயை நான் பார்த்திருக்கிறேன் தாயே. ராத்திரி பத்து மணிக்கு பபூன் வருவார். அப்புறம் டான்ஸ். கதாநாயகனான ராஜபார்ட் வேலனாக வந்து நிற்க நடுச்சாமம் ஆகிவிடும். அதற்கும் பிறகு வள்ளி தினைப்புனம் வந்து, ஆலோலம் பாடி, தர்க்கம் செய்து, கிழவன் வேஷத்தில் வந்த முருகனைக் கட்டி முடிக்கக் கிழக்கு வெளுத்துவிடும். பத்தடி தள்ளி, தாள வாத்தியம் வாசிக்கிற ஆல்ரவுண்ட்காரர் தட்டுகிற தட்டுக்கு நெஞ்சு அதிரும். ஒரு ஊரில், யாரோ ஒரு வள்ளியின் அம்மா. வாயில் நாலைந்து ஊக்குகளைக் கவ்விக்கொண்டு மகளின் தாவணி மடிப்பைச் சரிசெய்தார். பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி, ஊதி ஊதிக் கொடுத்தார். மகள் மேடைக்குப் போனதும் மேக்கப் பெட்டியில் தலையைச் சாய்த்தார். ஆனால் கண்ணை மூடவில்லை. படுதா ஓரத்தில் இரண்டு இளவட்டங்கள் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் நகரும்வரை அந்தக் கிழவி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தூங்குகிறார் என்றா நினைத்தீர்கள்? தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் சுற்றி நீங்கள் கிளி விரட்டுகிறீர்கள். கீழே பாயில் கிடந்தபடி உங்கள் அம்மா உண்மையாகவே காவல் காக்கிறார்.

இருபது வருடத்துக்கு முன்னால் அவருக்கு 51. அன்றைக்கு அது சரி. இன்றைக்கு அவருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? சர்க்கரை உண்டா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டும், அந்தப் பொட்டலில் எங்கே போவார்? நாலு பக்கத்தில் இது ஒன்றுகூட இல்லை. ஒட்டியாணத்துக்கு இருந்த இடம் அம்மாவின் காலுக்கு இல்லை. கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்காரரின் கௌரவத்துக்கு வருகிறேன். அந்த ராத்திரிகளில் அவர் எங்கே இருந்தார்? மனைவி ராத்திரி வெளியூர் போவது அவருக்குக் குறைச்சல் என்றால், பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருக்க வேண்டியவர் அவர்தான். தாலி கட்டியவனின் வேலை அது. என்னைப் பழைய காலத்து ஆள் என்பார்கள், இருந்துவிட்டுப் போகிறேன். மாமியாரைப் பாயில் போட்டுவிட்டு அட்வான்ஸை மட்டும் எண்ணி வாங்கினவர் கௌரவம் பேசக் கூடாது. அதுவும் எப்போது விடச் சொல்கிறார்? ஆடியோடு. நாடகம் ஓய்கிற நேரம். மாசி, பங்குனியில் டயரி நிரம்பும்போது இந்தக் கௌரவம் எங்கே போயிருந்தது?

வள்ளி திருமணத்தை எழுதிய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நூறு வருடம் தாண்டியும் அவர் எழுதிய வள்ளியை ஊர் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது. கணவர் கிட்டப்பா வேலனாக நிற்க, அந்த வள்ளியைப் பாடியவர்தான் நடிகை கே.பி. சுந்தராம்பாள். 1933-இல் கிட்டப்பா இறந்தபோது அம்மாளுக்கு 25 வயது. அன்று கட்டிய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. 1970-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. உங்களைத் தேற்ற இதைச் சொல்லவில்லை. அவர் வாங்கிய மரியாதை அவரோடு போயிற்று. மற்ற வள்ளிகளை ஊர் இளக்காரமாகத்தான் பேசுகிறது, நாளைக்கும் பேசும். விட்டுவிட்டாலும் "முன்னாள் நாடகக்காரி" என்று பேசும்.

மகள் விஷயம் சுலபம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நோட்டீஸில் உங்கள் போட்டோவைப் போட்டு ஊர் ஊராக ஒட்டியிருக்கிறார்கள், இதில் எதை மறைப்பது? எழுந்து போகிறவர்கள் காபி குடித்துவிட்டுப் போகட்டும்.

வேஷத்தை விடுவதா என்பதை உங்கள் தொண்டையும் உடம்பும் சொல்லும், உங்கள் கணவர் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவை மட்டும் இனி ஒரு நாடகத்துக்கும் கூட்டிப் போகாதீர்கள். தை வரைக்கும் நேரம் இருக்கிறது, முதலில் அவரை டாக்டரிடம் காட்டுங்கள். நான் வராவிட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று சண்டை போடுவார், போடட்டும்.

அப்புறம், அடுத்த சீசனின் முதல் போன் வரும். வீட்டுக்காரர் வழக்கம்போல டயரியை எடுப்பார். "துணைக்கு நீங்கள் வருகிறீர்களா?" என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் தேதியை எழுதிக்கொள்ளட்டும். மாட்டேன் என்றால் டயரியையும் அட்வான்ஸையும் உங்கள் கைக்கு வாங்கிக்கொண்டு, உறவில் ஒரு பெண்ணைச் சம்பளம் பேசி அழைத்துப் போங்கள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டாரானால், புதுப் பாய் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். பழையதில் அவர் முதுகு தாங்காது.