மூடுபனியும் மஞ்சள் கோடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியக் கடற்கரை வழியாக உங்கள் மனைவியுடன் சென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை அண்மையில் வாசித்தேன். நாங்களும் அந்த வழியில் சென்றிருக்கிறோம். 2022 ஜூலையில், திருமணமான முதல் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் இரண்டே நாளில் சென்றோம். படங்களில் பார்த்த நீலக் கடல் எங்களுக்குக் கிடைக்கவில்லை, வழிநெடுக மூடுபனி. ஜூலை மாதத்தில் கம்பளி ஆடை வாங்க வேண்டியிருந்தது. சென்னையில் கடலோரம் வளர்ந்த என்னால் அந்த நீரில் ஒரு நிமிடம்கூடக் கால் நனைத்து நிற்க முடியவில்லை. முழுத் தொலைவையும் என் கணவரே ஓட்டினார். எனக்கும் உரிமம் உண்டு. மலைச்சாலை என்பதால் நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. வீடு திரும்பியபின், "எனக்கு நினைவிருப்பது சாலை நடுவிலிருந்த மஞ்சள் கோடு மட்டும்தான்" என்றார். அந்தச் சொல் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வரும் ஜூலை முதல் வாரத்தில் எங்கள் இருவரின் அலுவலகங்களும் மூடப்படுவதால் ஒன்பது நாள்கள் கிடைக்கின்றன. மீண்டும் அந்தக் கரைக்கே போகலாம் என்கிறேன் நான். "மறுபடியும் பனியைப் பார்க்கவா?" என்று கேட்கிறார் அவர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கே.,
சான் ஹோசே

அன்புள்ள கே.,

பனியைப் பார்க்கத்தான் என்று சொல்லுங்கள். அதை எரிச்சலூட்டுவதற்கான மறுமொழியாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் சென்றது 2018 ஜூன் மாதம். அதற்கு முந்தைய ஆண்டு மே 20 அன்று பிக் சர் என்ற கடலோர மலைப்பகுதியின் தென்கோடியில், மட் கிரீக் என்னுமிடத்தில், மலை சரிந்து நெடுஞ்சாலையை மூடிவிட்டிருந்தது. 2018 ஜூலை 18 அன்றுதான் அந்தச் சாலை மீண்டும் திறந்தது. எனவே வடக்கிலிருந்து வந்த நாங்கள் பாதி வழியில் கடலைவிட்டு விலகி, நாசிமியென்டோ–ஃபெர்குசன் சாலை என்ற ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறி உள்நாட்டுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. கீழே கார்க்கண்ணாடியில் நீர்த்துளிகள் வழிந்துகொண்டிருந்தன, வெப்பமூட்டியை இயக்கியிருந்தோம். வளைந்து வளைந்து ஏறியபோது ஒரு திருப்பத்தில் திடீரென்று வெயில் முகத்தில் அறைந்தது. வண்டியை ஒதுக்கி நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். கடல் இருக்கவேண்டிய இடத்தில், தொடுவானம் வரைக்கும், கடைந்தெடுத்த வெண்ணெயைப் பரப்பியதுபோல மூடுபனி கிடந்தது. மலைமுகடுகள் அதில் தீவுகளாக நின்றன. அரைமணி நேரம் கழித்து மறுபுறம் இறங்கியபோது, காய்ந்த புல்லும் கருவாலி மரங்களும் கொண்ட அந்த நிலத்தில் அனல் வீசியது. ஒரு மலைத்தொடரின் இரு பக்கங்களில் இரு வேறு பருவங்கள் இருப்பதை அன்று உடலால் அறிந்தேன். அதன்பிறகு, அந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன்.

வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து கோடை முழுவதும் அங்கே வடமேற்குக் காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசுகிறது. அந்தக் காற்று தள்ளும் மேல்நீர், பூமி சுழல்வதால் நேராகத் தெற்கே போகாமல் வலப்புறம் விலகி நடுக்கடலை நோக்கிப் போகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழுந்து வருகிறது. அதனால்தான் வடகலிபோர்னியக் கரையில் நடுக்கோடையிலும் நீரின் வெப்பம் பெரும்பாலும் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கிறது. உங்கள் கால் அதைத் தாங்காததில் வியப்பில்லை. பசிபிக் மீது தவழ்ந்துவரும் ஈரக்காற்று இந்தக் குளிர்நீருக்கு மேலே வந்ததும் குளிர்ந்து பனியாகத் திரள்கிறது. அதே நேரத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்ந்து, அங்குள்ள காற்று சூடாகி மேலெழும்போது, கரையிலுள்ள பனி மலை இடைவெளிகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த இடைவெளிகளில் மிகப்பெரியது கோல்டன் கேட் நீரிணை. ஆகவே நீங்கள் வாழும் மாநிலத்தில் உட்பகுதி எவ்வளவு கொதிக்கிறதோ அந்த அளவுக்குக் கரையில் பனி அடர்கிறது. செப்டம்பர், அக்டோபரில் காற்று தளர்ந்து வானம் வெளுத்துவிடும். நீலக் கடல்தான் வேண்டுமென்றால் அப்போது போகலாம். ஆனால் எழுந்துவரும் அந்த நீர், குளிரோடு சேர்த்து ஆழத்தில் படிந்திருந்த ஊட்டச்சத்துகளையும் மேலே கொண்டுவருகிறது. மிதவை நுண்ணுயிர்கள் தொடங்கித் திமிங்கிலங்கள் வரை, கெல்ப் என்னும் நெடிய கடற்பாசியின் நீரடிக் காடுகள் வரை, அந்தக் கரையின் வளம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. உங்களை ஏமாற்றிய பனியும் அந்த வளமும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவை.

இனி வழி. லாஸ் ஏஞ்சலிஸை இம்முறை மறந்துவிடுங்கள். முதல் நாள் நேராக வடக்கே போய், 101ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிச்செல்லும் 'அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்' என்ற பழைய சாலையிலிருந்து தொடங்குங்கள். பிறகு லெகெட் என்ற சிற்றூரில் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, கடலோரமாகவே தெற்கே இறங்கி பிக் சருக்கு வாருங்கள். லெகெட்டிலிருந்து அங்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர்தான். அதற்கு ஒன்பது நாள்கள் அதிகம் என்று உங்கள் கணவர் சொல்லலாம். சென்றமுறை அதைவிட நீண்ட தொலைவை இரண்டு நாளில் கடந்ததில் கைக்கு வந்தது என்ன என்பதை அவரே சொல்லியிருக்கிறார்.

வடக்கே தொடங்கச் சொல்வது ரெட்வுட் மரங்களுக்காக. உலகின் மிக உயரமான மரங்கள் அவை. இப்போது அறியப்பட்டவற்றுள் உயர்ந்தது 115 மீட்டருக்கும் மேல் நிற்கிறது. ஓரிகன் எல்லைக்குச் சற்று வடக்கிலிருந்து பிக் சர் வரைக்கும் கடலோரமாக ஓர் ஒடுங்கிய பட்டையில் மட்டுமே அவை இயற்கையாக வளர்கின்றன, அந்தப் பட்டை பனி எட்டும் நிலத்தோடு ஒத்துப்போகிறது. கலிபோர்னியாவில் கோடையில் மழை கிடையாது. அந்த மாதங்களில் மரத்தின் ஊசியிலைகள் பனியைச் சீப்பு வாருவதுபோல வாரியெடுக்கின்றன; அது துளித்துளியாக வேர்மேல் விழுகிறது. இலைகளும் நேராகவே சிறிது ஈரத்தை உறிஞ்சுகின்றன. அந்தக் காடுகளுக்கு ஓராண்டில் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பனியிலிருந்து வருவதாக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். விடியற்காலையில் போய் நில்லுங்கள். சாலை காய்ந்திருக்கும், மரத்தடியில் மட்டும் மழை பெய்துகொண்டிருக்கும். வெட்டப்படாத பழங்காட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஐந்து பங்குதான் என்பதையும் அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். மென்டசினோ கரையில் நீங்கள் காணப்போகும் சின்னஞ்சிறு குடாக்கள் பலவும் அந்த மரங்களை ஏற்றிய துறைகள். பாறைமேலிருந்து சறுக்குவழியாகப் பலகைகளைக் கீழே நின்ற பாய்மரக் கப்பல்களுக்கு இறக்கினார்கள். ஒரு நாய் திரும்பிப் படுக்கும் அளவுக்கே இடம் என்பதால் மாலுமிகள் அவற்றை நாய்ப்பொந்துகள் என்றழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பழைய மரவீடுகளில் அந்தப் பலகைகள் இருக்கின்றன.

தெற்கே வரும்போது ஃபோர்ட் ராஸில் அரை நாளாவது இருங்கள். பெரும்பாலானோர் பத்து நிமிடம் நின்று படமெடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். கஷாயா போமோ பழங்குடி மக்களின் நிலத்தில் 1812இல் ரஷ்யர்கள் எழுப்பிய மரக்கோட்டை அது. அவ்வளவு தொலைவு அவர்களைக் கொண்டுவந்தது கடல் நீர்நாயின் தோல். மற்றக் கடல் பாலூட்டிகளுக்கு இருப்பதுபோல அந்த விலங்குக்குத் தடித்த கொழுப்புப் படலம் இல்லை. நான் மேலே சொன்ன அந்தக் குளிர்நீரில் அது உயிர்வாழ்வது பெரும்பாலும் மயிரின் அடர்த்தியால்தான். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள். அந்தத் தோலுக்குச் சீனத்தில் பெருவிலை கிடைத்தது. அலாஸ்காப் பழங்குடி வேட்டைக்காரர்களைத் தோல்படகுகளோடு அழைத்துவந்து ரஷ்யர்கள் வேட்டையாடினார்கள். அமெரிக்கக் கப்பல்களும் தங்கள் பங்குக்கு வேட்டையாடின. விலங்கு அருகிப்போயிற்று. 1841இல் ரஷ்யர்கள் கோட்டையை விற்றுவிட்டுப் போனார்கள். கலிபோர்னியாவில் அந்த இனமே அழிந்துவிட்டது என்றுதான் பிறகு நம்பப்பட்டது.

அந்தக் கதையின் மறுபாதி பிக் சரில் இருக்கிறது. அங்கே சாலை போட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. கைதிகளும் அதில் வேலை செய்தார்கள். அவர்களுடைய தண்டனைக்காலம் அதற்காகக் குறைக்கப்பட்டது. பிக்ஸ்பி சிற்றாற்றின்மீது ஒற்றை வளைவாக நிற்கும் கான்கிரீட் பாலம் 1932இல் முடிந்தது, அதன் உயரம் 79 மீட்டர். சாலை முழுமையாகத் திறந்தது 1937இல். அதற்கு மறு ஆண்டு, அந்தப் பாலத்தின் அருகே, சிற்றாறு கடலில் சேருமிடத்தில், ஐம்பதளவில் கடல் நீர்நாய்கள் மிதந்துகொண்டிருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. பாதையற்ற அந்தச் செங்குத்துக் கரை அவற்றை ஒளித்து வைத்திருந்தது. இன்று நடுக் கலிபோர்னியக் கரையில் வாழும் ஏறத்தாழ மூவாயிரம் நீர்நாய்களும் அப்படித் தப்பிய சிறு கூட்டத்தின் வழிவந்தவை. ஃபோர்ட் ராஸைப் பார்த்துவிட்டு பிக்ஸ்பிக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பாலம் வேறு மாதிரித் தெரியும் என்பது என் அனுபவம்.

இப்போது மஞ்சள் கோடு. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அதுதான். எங்கள் பயணத்தில் ஓட்டியவர் என் மனைவி. நான் கார் ஓட்டுவதில்லை. வலப்பக்கமாக ஓட்டும் நாட்டில் வடக்கிலிருந்து தெற்கே போனால் உங்கள் தடமே கடலோரத் தடம். உடன் அமர்ந்திருப்பவருக்கும் கடலுக்கும் நடுவில் எதுவுமில்லை. ஓட்டுகிறவரோ அடுத்த வளைவிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. இரண்டு நாள்கள் நான் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன், அந்தப் பாறையைப் பார், அந்தக் கூழைக்கடா வரிசையைப் பார் என்று. மூன்றாம் நாள் மாலை விடுதியில் அவர், "கூழைக்கடா எந்த நிறம்?" என்று கேட்டார். ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை. நாற்பது ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் எத்தனையோ முறை அவர் ஓட்ட நான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது, உறக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தினோம். சாலையோர ஒதுங்குமிடங்கள் அதற்கென்றே இருக்கின்றன. பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் மெதுவாகச் செல்பவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டமும்கூட. நிறுத்தியபின் நான் பேசவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை இருந்தோம்.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது, ஏனென்றால் உங்களிடம் உரிமம் இருக்கிறது. ஃபோர்ட் ராஸுக்குத் தெற்கே ஜென்னர் வரையிலான பாறைவிளிம்புச் சாலையில் தொடங்க வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவைக் கடந்து, ஹாஃப் மூன் பேயிலிருந்து சான்டா குரூஸ் வரை சாலை பெரும்பாலும் நேராகவும் விரிவாகவும் போகிறது. அங்கே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒருநாள் பழகினால் கார்மல் ஊருக்குத் தெற்கே பிக் சர் மலைச்சாலையிலும் உங்களால் ஓட்ட முடியும். புறப்படுமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். நாங்கள் சென்றபின்னும் 2021, 2023, 2024 ஆண்டுகளில் அங்கே மலை சரிந்திருக்கிறது, இனியும் சரியும்.

ஒரு நல்ல இருகண்ணோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். பிக்ஸ்பியில் பாலத்துக்கு வடக்கே, உங்கள் தடத்தின் பக்கமாகவே ஓர் ஒதுங்குமிடம் உண்டு. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு நிறுத்த இடம் கிடைக்காது. அந்நேரத்தில் பனி பாலத்துக்குக் கீழேயே நிற்கக்கூடும். அது விலகும்வரை காத்திருங்கள். கீழே நீர்மேல் பழுப்பாகப் படர்ந்திருப்பது கெல்ப். அதில் மல்லாந்து மிதக்கும் தலைகளைத் தேட வேண்டும். இருகண்ணோக்கியை முதலில் உங்கள் கணவரிடம் கொடுங்கள்.

அன்புடன்.