சார்ல்ஸ்டனில் மகள் கல்யாணம்: ஆவணி மட்டும் வேண்டாம்

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டில் இருக்கிறோம். மகளுக்கும் அவள் விரும்பும் அமெரிக்கப் பையனுக்கும் அடுத்த வருஷம் கல்யாணம். தென் கரோலினாக் கரையோரத்துச் சார்ல்ஸ்டனில்தான் நடக்க வேண்டும் என்று இருவரும் ஒரே பிடிவாதம். மொத்தம் 180 பேர், அதில் 40 பேர் கோவையிலிருந்து வருவார்கள். ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருப்பதாக ஊர் ஜோசியர் சொல்கிறார். பெண்ணுக்கு ஓக் மரங்கள் நிற்கும் பழைய தோட்ட பங்களாவில் செய்ய ஆசை. எனக்கு ஹோமமும் இலைச் சாப்பாடும் இல்லாமல் மனசு ஒப்பாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தேதியிலிருந்து. மண்டபம், சாப்பாடு, புடவையெல்லாம் அப்புறம். நீங்கள் எழுதியதில் எனக்குப் பயம் தந்தது ஹோமமும் இல்லை, 180 பேரும் இல்லை, அந்த ஆவணிதான்.

ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஓடும், அதன் உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி வரும், அதாவது நம் ஊரில் மண்டபம் கிடைக்காமல் அலையும் அதே நாட்களில். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் சார்ல்ஸ்டனை நேராகவே அடித்தது. அது பழைய கதை என்று தோன்றினால், 2016இல் மாத்யூ, 2018இல் ஃபுளோரன்ஸ், 2019இல் டோரியன், மூன்றுக்குமே கரையோரத்தைக் காலி செய்யச் சொல்லி ஆளுநர் உத்தரவு போட்டார். இதில் கவனிக்க வேண்டியது, புயல் வந்தால்தான் கல்யாணம் கெடும் என்பதில்லை. ஃபுளோரன்ஸ் கடைசியில் வட கரோலினாவில்தான் கரையேறியது, ஆனால் உத்தரவு வந்துவிட்டால் ஹோட்டல்கள் ஆட்களை வெளியேற்றும், பூக்காரர் வரமாட்டார், ஐ-26 நெடுஞ்சாலையில் ஊருக்குள் வரும் பாதைகளையும் வெளியே போகும் பக்கமே திருப்பிவிடுவார்கள். உங்கள் கோவை உறவுக்காரர்கள் சரியாக அப்போதுதான் விமானத்தில் இருப்பார்கள். இது போதாதென்று, ஆகஸ்ட் சார்ல்ஸ்டனின் புழுக்கம் சென்னையின் மே மாதத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை, பட்டுப்புடவையோடு வெளியில் அரை மணி நேரம் நிற்க முடியாது.

சரி, எந்த மாதம்? ஆடி, புரட்டாசி, மார்கழியை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள், நான் ஆவணியை ஒதுக்குகிறேன். வைகாசியும் சிக்கல்தான், மே கடைசியில் ஸ்போலெட்டோ என்ற கலை விழா தொடங்கி ஜூனுக்குள் இரண்டரை வாரம் நீளும், அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். மே முதல் பாதியில் கல்லூரிப் பட்டமளிப்புகள். மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் கூப்பர் நதிப் பாலத்து ஓட்டம், பல்லாயிரம் பேர் ஓடும் நாள், பாலமும் பல தெருக்களும் மூடியிருக்கும். ஆக மிஞ்சுவது சித்திரையில் ஏப்ரல் கடைசி இரண்டு வாரம், அல்லது ஐப்பசியில் அக்டோபர் கடைசி முதல் கார்த்திகை வரை. எனக்குப் பிடித்தது ஏப்ரல் கடைசி. பைன் மகரந்தம் கார்மேல் மஞ்சளாகப் படிவது அதற்குள் பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அக்டோபர் தொடக்கத்தை மட்டும் இலையுதிர் காலம்தானே என்று நம்பிவிடாதீர்கள், மாத்யூ கரையேறியது அக்டோபர் 8.

ஐப்பசிதான் என்று முடிவானால் இன்னொன்று பார்க்க வேண்டும், இதை எந்த மண்டபக்காரரும் தானாகச் சொல்லமாட்டார். சார்ல்ஸ்டனின் பழைய நகரம் ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே தாழ்வாகக் கிடக்கும் ஒரு மூக்கு நிலம். மழையே இல்லாத நாளிலும் கடல் ஏற்றத்தில் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிடும், துறைமுக அளவுகோல் 7 அடியைத் தொட்டால் மார்க்கெட் தெருப் பக்கம் கால் நனையும். பெரிய ஏற்றங்கள் இலையுதிர் மாதங்களில், அதுவும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் வரும், பெரும்பாலும் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில். நம் ஜோசியர் வளர்பிறை என்று பௌர்ணமிக்குப் பக்கத்தில் ஒரு நாளைப் பிடித்து, காலை எட்டரைக்கு முகூர்த்தம் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நோவா (NOAA) என்ற அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பு தரும் கடல் ஏற்ற அட்டவணை இலவசம். பஞ்சாங்கத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி பாருங்கள்.

பஞ்சாங்கம் என்றதும், ஜோசியர் தரும் நேரம் சார்ல்ஸ்டனுக்குக் கணித்ததுதானா என்று கேட்டுவிடுங்கள். கோவைக்குப் பார்த்த நேரத்திலிருந்து மணிக்கணக்கைக் கழித்துக்கொள்வது தவறு, லக்னம் இடத்துக்கு இடம் மாறும். ராகு காலமும் அப்படித்தான். நாம் மனப்பாடமாகச் சொல்லும் சனிக்கிழமை 9 முதல் 10.30 என்பது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் கணக்கு. சார்ல்ஸ்டனில் அக்டோபர் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழரை ஆகிவிடும், அதனால் அங்கே சனிக்கிழமை ராகு காலம் சுமார் 10.15லிருந்து 11.40 வரை. அமெரிக்கச் சம்பந்திகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பதினோரு மணிக்கு வைப்பவர்கள் நேராக அதில் போய் விழுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அந்த ஞாயிறு முகூர்த்தம் என்றால் பத்திரிகையிலேயே அதை எழுதிவிடுங்கள். ஆனால் ஞாயிறும் வெள்ளியும் நல்ல யோசனை, சனிக்கிழமையைவிட வாடகை குறையும்.

அடுத்தது இடம். பெண்ணின் ஓக் மர ஆசை எனக்குப் புரிகிறது, பூன் ஹால் என்ற பழைய தோட்டத்தில் அந்த மர வரிசை 1743இலேயே நட்டது, படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதே பாதையின் ஓரத்தில்தான் அடிமைகள் வாழ்ந்த ஒன்பது செங்கல் குடிசைகள் நிற்கின்றன. பூன் ஹால், மக்னோலியா, மிடில்டன் பிளேஸ் எல்லாமே அடிமை உழைப்பில் எழுந்த தோட்டங்கள். 2019இல் பின்ட்ரஸ்ட், த நாட் போன்ற தளங்கள் இத்தகைய தோட்டங்களைக் கல்யாண இடமாக விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தின. பூன் ஹாலில் 2012இல் கல்யாணம் செய்துகொண்ட நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் பிறகு அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். செய்யவே கூடாது என்று உங்களுக்குச் சட்டம் போட நான் யார், ஆனால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கறுப்பின நண்பர்கள் இருப்பார்கள், அழைப்பைப் பிரித்து இடத்தின் பெயரைப் படிக்கும்போது அவர்களுக்கு என்ன தோன்றும் என்று இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுக்கட்டும். ஓக் மரத்தடியில் படம்தான் வேண்டும் என்றால் நகரத்துக்குள் ஹாம்ப்டன் பார்க்கில் இருக்கிறது. வெறும் படத்தைத் தாண்டிச் சடங்கு ஏதாவது செய்வதாக இருந்தால் மாநகராட்சி அனுமதி வாங்க வேண்டும்.

180 பேருக்கு, அதுவும் வயதானவர்களோடு, நான் சொல்வது தங்கும் அறையும் கல்யாண ஹாலும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஹோட்டல். பழைய நகரத்தில் அப்படிப் பெரிதாக இருப்பவை கொஞ்சம்தான், தி சார்ல்ஸ்டன் பிளேஸ், 1924இல் திறந்த ஃபிரான்சிஸ் மரியன் போன்றவை. கடற்கரை வேண்டும் என்றால் ஐல் ஆஃப் பாம்ஸில் வைல்ட் டியூன்ஸ் விடுதி, இன்னும் தள்ளிப்போனால் கியாவா தீவு. பழைய தெருக்கள் குறுகல், சில இடங்களில் உருண்டைக் கல் பாவியவை, பெரிய பஸ் எல்லாத் தெருவுக்குள்ளும் போக முடியாது. மாமியையும் தாத்தாவையும் மூன்று இடங்களுக்கு ஏற்றி இறக்கும் திட்டம் போடாதீர்கள்.

ஹோட்டலில் அறைகளை மொத்தமாகப் பிடிக்கும்போது, நிரம்பாத அறைகளுக்கு யார் பணம் கட்டுவது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் கடைசி நேரத்தில் சித்தி பையன் வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்பார்கள், அந்த வாடகை உங்கள் தலையில் விழும். புயல் பற்றிய வரியும் அப்படித்தான். 'இயற்கைச் சீற்றம்' என்று பொதுவாக எழுதியிருந்தால் போதாது. வெளியேறும் உத்தரவு வந்தால் பணம் திரும்புமா, இல்லை தேதி மட்டும் மாற்றித் தருவார்களா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். கல்யாணக் காப்பீட்டை முன்பணம் கட்டும்போதே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு போனால் அந்தப் புயலுக்கு எவரும் காப்பீடு தரமாட்டார்கள்.

ஹோமம் முடியும், ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. இந்த ஊர் 1740, 1838, 1861 என்று பெருந்தீயில் எரிந்த ஊர், பழைய கட்டடங்களில் மெழுகுவத்திக்கே கண்ணாடிக் கூண்டு கேட்பார்கள். அதனால் "சின்ன தீபம் மாதிரி" என்று பூசி மெழுகாதீர்கள். குண்டம் எத்தனை அங்குலம், என்ன எரியும், எத்தனை நிமிஷம், தீயணைப்புக் கருவியோடு பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று எழுதிக் கொடுத்து, தீயணைப்புத் துறை அனுமதியை மண்டபத்தார் மூலமே கேளுங்கள். முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். செங்கல் பாவிய முற்றம் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் வழி பிறக்கும், அலாரம் உள்ள ஹாலுக்குள் என்றால் கஷ்டம். மேளமும் முற்றத்தில் என்றால் எத்தனை மணியிலிருந்து ஊதலாம் என்று கேட்டுவிடுங்கள், காலை ஏழு மணிக்குத் தவில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்.

சாப்பாட்டுக்குச் சமையல்காரரைச் சார்லட்டிலிருந்தே கூட்டிப்போவது நல்லது, மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம்தான். பல இடங்களில் அவர்கள் பட்டியலில் உள்ள கேட்டரர்தான் வர வேண்டும், வெளி ஆளுக்குத் தனிக் கட்டணமும் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள், அடுப்பு பற்றவைக்க விடுவார்களா, சூடாக்க மட்டும்தானா என்பதைப் பொறுத்து மெனுவே மாறும். வரவேற்புக்கு உள்ளூர்ச் சாப்பாடு வைத்தால் சைவக்காரர்களுக்காக ஒவ்வொன்றையும் விசாரியுங்கள். இங்கே கீரையில் பன்றித் தொடைக்கறி கிடக்கும், ரெட் ரைஸ் என்ற தக்காளிச் சாதத்தில் பேக்கன், கிரிட்ஸ் என்ற சோளக் கஞ்சியைக் கோழிச் சாற்றிலும் வேகவைப்பார்கள். காய்கறிதானே என்று பெரியவர்கள் தட்டில் போட்டுக்கொள்வார்கள். வாழையிலை உறைய வைத்தது உங்கள் இந்தியக் கடையிலேயே கிடைக்கும். மாவிலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம் எதையும் கோவைப் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்ளக்கூடும்.

கடைசியாகச் சட்டப் பக்கம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சார்லட்காரர்கள் தடுக்கி விழும் இடம் இது. வட கரோலினாவில் வாங்கிய திருமண லைசென்ஸ் அந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும். சார்ல்ஸ்டனுக்குத் தென் கரோலினாவின் ஏதாவது ஒரு கவுன்ட்டியில் ப்ரோபேட் கோர்ட்டில் (உயில், திருமண லைசென்ஸ் விஷயங்களைப் பார்க்கும் நீதிமன்றம்) வாங்க வேண்டும், விண்ணப்பித்து 24 மணி நேரம் கழித்துத்தான் கையில் தருவார்கள். சனிக்கிழமை முகூர்த்தத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் நின்றால் ஒன்றும் நடக்காது, அந்த வாரத்தின் நடுவிலேயே முடித்துவிடுங்கள். சாஸ்திரிகள் கையெழுத்து செல்லுமா என்று குழம்பவும் வேண்டாம், தென் கரோலினாவில் நோட்டரி பப்ளிக்கே கல்யாணத்தை நடத்திக் கையெழுத்துப் போடலாம், நண்பர்களில் அந்த மாநில நோட்டரி ஒருவர் இருந்தால் வேலை முடிந்தது. கோவை ஆட்களுக்கு விசா நேர்காணல் தேதியைத் தேதி முடிவான அன்றே தேடத் தொடங்குங்கள். இந்தியாவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு நேர் விமானம் கிடையாது. அவர்களைச் சார்லட்டில் இறக்கி, உங்கள் வீட்டில் இரண்டு நாள் தூங்கவிட்டு, அப்புறம் வேனில் கூட்டிப்போங்கள்.