மருத்துவம் படிக்காதவர்கள் மதுரை ஆஸ்பத்திரிகளில் தன்னார்வப் பணி செய்ய யாரைப் போய்ப் பார்ப்பது?

கேட்டிருப்பது இதுதான்: மருத்துவப் படிப்பு கிடையாது, மதுரையில் வேலை, வாரத்தில் ஒரு காலைப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமையும் ஒதுக்க முடியும். ஆஸ்பத்திரி சார்ந்து ஏதாவது தொண்டு செய்ய வேண்டும், ஆனால் இணையத்தில் தேடினால் ஒன்றும் சிக்கவில்லை.

சிக்காது. நம் ஊர் மருத்துவமனைகள் 'தன்னார்வலர் தேவை' என்று பெரும்பாலும் விளம்பரம் போடுவதில்லை. போய்க் கேட்டால்தான் உண்டு, அந்தக் கேட்கிற விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'எந்த வேலை என்றாலும் செய்கிறேன் சார்' என்று போய் நின்றால் அவர்களுக்கு அது உதவியில்லை, கூடுதல் சுமை. உங்களுக்கு வேலை யோசிக்க வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும், தப்பு நடந்தால் பதிலும் சொல்ல வேண்டும். 'செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஏழரையிலிருந்து பத்தரை வரை, மூன்று மாதத்துக்கு, ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் வயதானவர்களுக்கு வழிகாட்டுகிறேன்' என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நாள், நேரம், இடம், வேலை நான்கும் அதில் இருக்க வேண்டும். ஆதார் நகல், இரண்டு புகைப்படம், வேலை பார்க்கும் இடத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒரு கடிதம், இவற்றையும் இணையுங்கள்.

பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை என்றால் கடிதம் டீனுக்கு எழுதுங்கள். நேரில் பார்க்க வேண்டியது ஆர்.எம்.ஓ., அதாவது நிலைய மருத்துவ அலுவலரின் அலுவலகத்தை. காலை ஓ.பி. நெரிசலில் போய் நிற்காதீர்கள், நண்பகலை ஒட்டிப் போனால் பேச நேரம் இருக்கும். தனி ஆளாகக் கேட்பதைவிட ரெட் கிராஸ் மாவட்டக் கிளை, ரோட்டரி, லயன்ஸ் என்று ஏதாவது ஒரு அமைப்பின் வழியாகக் கேட்டால் சீக்கிரம் நடக்கும். பொறுப்பேற்க ஒரு அமைப்பு இருக்கிறது என்பதுதான் காரணம். தனியார் மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலரையோ ஹெச்.ஆர். பிரிவையோ பாருங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கம் இருப்பவர்கள் மதுரைக்கு ஓடிவர வேண்டாம். அங்கங்கே உள்ள அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவரை நேரில் பார்க்க முடியும், ஆள் தேவையும் அங்கேதான் அதிகம். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் புதன்கிழமை போங்கள், தடுப்பூசி நாள். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களை வரிசைப்படுத்தி, ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்பதற்கே ஓர் ஆள் வேண்டும்.

பெரியாஸ்பத்திரியில் மருத்துவப் படிப்பில்லாதவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை வழிகாட்டுவதுதான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல்லிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். பனகல் சாலை வளாகமே பல கட்டடம், விபத்துப் பிரிவு அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் தனியாக இருக்கிறது. சீட்டு ஓர் இடம், ரத்தம் எடுப்பது ஓர் இடம், எக்ஸ்ரே ஓர் இடம், மாத்திரை வாங்குவது வேறோர் இடம். தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் அன்றைய ஓ.பி.யே முடிந்துபோகும், மறுநாள் மறுபடி முதுகுளத்தூரிலிருந்து பஸ் ஏற வேண்டும். முதல் இரண்டு வாரம் யாருக்கும் வழி சொல்லாமல் நீங்களே நடந்து பார்த்துக் கையால் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு எந்த மாடி, லிப்ட் எங்கே, கழிப்பறை எங்கே, சக்கர நாற்காலி யாரிடம் கேட்க வேண்டும் எல்லாம் அதில் வரட்டும்.

நாற்காலி தள்ளுவதற்கும் முறை உண்டு. ஏற்றுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கிவிட வேண்டும். மடக்காமல் ஏற்றினால் தட்டில் கால் வைத்து எழும்போது நாற்காலி முன்பக்கம் கவிழும். சரிவில் இறங்கும்போது நீங்கள் கீழே இருந்து பின்பக்கமாக இறக்குங்கள், முன்னோக்கி விட்டால் நோயாளி சரிந்து விழுவார். மூத்திரப் பை மாட்டியிருந்தால் அதை மடியில் தூக்கி வைக்காதீர்கள். பை இடுப்புக்கு மேலே போனால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும், தொற்று வரும். புதிதாக வருபவர்கள் அக்கறையாகச் செய்யும் தப்பு இது.

அதைவிடப் பெரிய தப்பு தண்ணீர் கொடுப்பது. வார்டில் ஒரு பாட்டி 'தம்பி, தொண்டை வறளுது, ஒரு வாய் டீ' என்று கேட்டால் மனசு கேட்காதுதான். ஆனால் அவர் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைக்கப்பட்டிருக்கலாம். மயக்க மருந்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரிந்துவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். நர்ஸைக் கேட்காமல் எதையும் வாயில் கொடுக்கக் கூடாது. படுத்த வாக்கில் ஊட்டவும் கூடாது. ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்து 'ஒண்ணுமில்லை, நார்மல்தான்' என்று சொல்லக் கூடாது. செல்போனில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, உங்கள் சேவையைக் காட்டும் படமாக இருந்தாலும்.

வார்டுக்கு வெளியே, உங்கள் தெருவிலேயே ஒரு வேலை இருக்கிறது. என் கணக்கில் அதுதான் முதலில் வர வேண்டியது: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அது வி.ஏ.ஓ. விசாரணை கடந்து வர நாளாகும். பெரும்பாலான குடும்பங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து படுத்தபிறகுதான் இதற்கு ஓடுகின்றன. அப்போதுதான் தெரியும், ரேஷன் கார்டில் 'முத்துலட்சுமி', ஆதாரில் 'முத்துலெட்சுமி'; தனிக்குடித்தனம் போன மகனோடு இருக்கும் தாயின் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை; கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கிறது. ஒரு தெருவில் முப்பது வீட்டுக் கார்டுகளை எடுத்து வைத்து, பெயர்களை ஒப்பிட்டுத் திருத்தி வைத்துவிட்டால், ஒரு வருஷம் வார்டில் நின்று செய்வதைவிட அதிகமாகச் செய்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கண் முகாம். இதில் மதுரையைத் தாண்டி ஓர் ஊர் இல்லை. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி அண்ணா நகரில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம முகாம்கள் உள்ளூர் அமைப்புகளை நம்பித்தான் நடக்கின்றன. மருத்துவக் குழு அவர்களுடையது. இடம், விளம்பரம், கூட்டத்தை நடத்துவது முகாமை ஏற்பாடு செய்யும் அமைப்பின் பொறுப்பு. ஆக, நீங்கள் கேட்க வேண்டியது மருத்துவமனையின் முகாம் பிரிவில், 'அடுத்து எங்கள் பக்கம் முகாம் எப்போது, யார் நடத்துகிறார்கள்?' என்று. பிறகு அந்த அமைப்போடு சேர்ந்துகொள்ளலாம்.

முகாமில் ஆள் நகரும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். பதிவு, பார்வைச் சோதனை, ஆரம்பப் பரிசோதனை, கண் அழுத்தம், பி.பி., சர்க்கரை, கடைசியாக டாக்டர். கண்ணாடி வேண்டியவர்கள் ஒரு பக்கம், புரை அறுவைக்குத் தேர்வானவர்கள் ஒரு பக்கம். தேர்வானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பார்வைச் சோதனை இடத்தில் எழுத்துப் பலகைக்கும் ஆளுக்கும் நடுவே 6 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து கோடு போடுங்கள். கூட்டம் நெருக்க நெருக்க ஆள் முன்னே வந்துவிடுவார், பார்வை நன்றாக இருப்பதாகத் தப்பாகப் பதிவாகும். ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரல் இடுக்கு வழியே பார்ப்பார்கள். உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், அழுத்தாமல்.

முகாம் கெட்டுப்போவது டாக்டர் பக்கம் அல்ல, பஸ் ஏறும் இடத்தில்தான். தேர்வான பெரியவர் கடைசி நிமிஷம் 'ஆட்டுக்குட்டியை யார் பார்ப்பா?', 'மகனைக் கேக்காம வர முடியாதுய்யா' என்று இறங்கிவிடுவார். இதை அங்கே நின்று பேசித் தீர்க்க முடியாது. முந்தின வாரமே வீட்டுக்குப் போய், 'தேர்வானால் அன்னைக்கே கூட்டிப் போவாங்க, மாத்துத் துணி எடுத்துக்கங்க, மகன்கிட்டச் சொல்லி வைங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். தினமும் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அன்று முகாம் என்று மாத்திரையைப் போடாமல் வந்து, சர்க்கரை ஏறி, ஆபரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. தேதி குறிக்கும்போது முகூர்த்த நாள், ஊர்த் திருவிழா, நடவு, அறுப்பு எல்லாம் பாருங்கள். பதிவுத் தாளில் பெரியவரின் செல் நம்பர் மட்டும் போதாது, பக்கத்து வீட்டு நம்பரும் வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கண்ணைத் திரும்பக் காட்ட வரவைப்பதும் உங்கள் வேலைதான்.

ரத்த தானத்தில் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, ஒழுங்குபடுத்துபவர்களுக்குத்தான் பஞ்சம். தலைவர் பிறந்தநாளன்று ஒரே நாளில் ஊரே வந்து கொடுக்கும். சிவப்பணு அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், தட்டணு 5 நாள்தான். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி மூடிக் கிடக்கும்போது கேட்டால் ஆள் இல்லை. நாற்பது ஐம்பது பேர் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. கடந்த ஓராண்டுக்குள் பச்சை குத்தியவர்களைத் தள்ளி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'அவசரம், ஓ நெகட்டிவ்' செய்தியைப் பகிருமுன் அந்த ரத்த வங்கிக்கே போன் போட்டுக் கேளுங்கள், பாதி செய்தி போன வருஷத்தது. நீங்கள் அனுப்பும் செய்தியில் தேதி, மருத்துவமனை, வார்டு, எத்தனை யூனிட், முழு ரத்தமா தட்டணுவா என்று இருக்கட்டும். கிடைத்தவுடன் 'கிடைத்துவிட்டது' என்று போட்டு முடித்துவிடுங்கள்.

கண் தானத்தில் நேரம்தான் எல்லாம்: இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குள் செய்ய வேண்டியது, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைப்பது, மின்விசிறியை நிறுத்துவது, தலையணையில் தலையைச் சற்று உயர்த்துவது, கண் வங்கிக்குச் சொல்வது. சர்க்கரை இருந்தவர், கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். துக்க வீட்டில் அழுதுகொண்டிருக்கும் மகனிடம் பேசாதீர்கள். சாமியானா, பாடை என்று ஓடிக்கொண்டிருக்கும் பங்காளியையோ தாய்மாமனையோ தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். முகம் கெடாது, உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்பதை அவர் சொன்னால்தான் வீடு கேட்கும்.

காசநோயாளிகளுக்கு உதவ நிக்ஷய் மித்ரா திட்டம் 2022-லிருந்து இருக்கிறது. தளத்தில் பதிந்து, ஒரு நோயாளிக்கு மாதாமாதம் சத்துணவுப் பொருள் கொடுக்கலாம். சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். இரண்டாம் மாதத்தோடு நிறுத்துவதாக இருந்தால் தொடங்காதீர்கள். கொடுப்பதைப் படம் எடுத்துப் போட்டால், நோயாளி கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது, அவ்வளவுதான். மனநலத்தில் நாட்டம் என்றால் 1992-லிருந்து இங்கே இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வாராவாரம் அதே முகம் வருவதுதான் முக்கியம், அடிக்கடி மாறும் ஆட்களால் நோயாளிகளுக்குக் குழப்பமே மிஞ்சும்.

சித்திரைத் திருவிழா, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு என்று முதலுதவிக் குழுவில் சேர விரும்பினால் ரெட் கிராஸ் அல்லது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சான்றிதழ் வாங்குங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முந்தின வாரம் போய்க் கேட்டால் கிடைக்காது, பொங்கல் முடிந்ததுமே கேளுங்கள்.

எந்த வேலைக்கும் போகுமுன் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. காசநோய் வார்டுப் பக்கம் என்95 முகக்கவசம். கீழே கிடக்கும் ஊசியை நீங்கள் எடுக்காதீர்கள், வார்டு ஊழியரைக் கூப்பிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வர வேண்டாம், ஆனால் வர முடியாது என்பதை முந்தின இரவே சொல்லிவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் என்.எஸ்.எஸ். கணக்கில் காட்ட வேண்டிய 240 மணி நேரத்தில் இதைச் சேர்க்கலாம். திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஒவ்வொரு முறையும் நோட்டில் நேரம் குறித்துப் பொறுப்பாளர் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள், வருஷக் கடைசியில் போய்க் கேட்டால் அந்த ஆள் இடம் மாறிப் போயிருப்பார்.