காப்பர் பைப் ஜாயின்ட் பிரேஸ் பண்ணியும் (ராடை உருக்கி ஒட்டியும்) மறுபடி மறுபடி லீக் ஆகுது, விலை கூடின ராடு போட்டா நிக்குமா?

ராடை மாத்தறதுக்கு முன்னாடி பைப் வாயைப் பாருங்க. கோயமுத்தூர்ல ஏசி வேலைக்கு வந்த புதுசுல நானும் இப்படித்தான், லீக்னா வெள்ளி கூடின ராடு வாங்கி அதே ஜாயின்ட் மேல அப்புவேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பால் கூலர். நான் வெச்ச ஜாயின்ட் ஒரே மாசத்துல கேஸ் விட்டுருச்சு. கூட வந்த அண்ணன் அதை அறுத்து, நீளவாக்குல பொளந்து காட்டினார். வாயில மட்டும் ராடு வளையமாட்ட நிக்குது, உள்ள ஒரு சொட்டு எறங்கல. "ஏங்கண்ணு, ஆக்சா பிளேடுலதானே அறுத்தே?"ன்னார். ஆமாங்க. பைப்பைச் சுத்தி அறுக்கற கட்டர் வண்டியில கெடந்துச்சு, எறங்கிப் போய் எடுக்கச் சோம்பல்.

பிளேடுல அறுத்தா வாய் கோணும், நசுங்கும், தூள் உள்ள போயி கேப்பிலரியை, அதான் கேஸ் போற மெல்லிசுக் குழாயை, அடைக்கும். கட்டர்லயே அறுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சமா முறுக்குங்க. ஒரேயடியா முறுக்கினா வாய் உள்ள மடங்கிக்கும். அப்பறம் ரீமர், வாயோரப் பிசிறைச் சுரண்டற கருவி. பைப் வாயைக் கீழ பாத்துப் புடிச்சுட்டுச் சுத்தினா பிசிறு உள்ள விழாது.

முக்கியமானது ரெண்டு பைப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதாங்க. உருகின ராடை உள்ள இழுக்கறது அந்தச் சந்துதான், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கற கணக்கு. 0.05லிருந்து 0.15 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா நல்லா இழுக்கும். கையில தள்ளினா சொருகோணும், லொடலொடன்னு ஆடக்கூடாது. ஸ்வேஜ், அதான் இன்னொரு பைப் சொருக விரிச்ச வாய், அதோட ஆழம் பைப் விட்டத்தளவு இருக்கட்டும். சொருகற பாகம், சொருகப்படற பாகம் ரெண்டையும் எமரித் தாள்ல தேச்சுப் பளபளன்னு ஆக்கிட்டு, எண்ணெய்க் கையில தொடாதீங்க.

தாமிரம் உருகறது 1085 டிகிரில. ராடு 700, 800க்குள்ள ஓடிரும். அதனால தீயை ராடுல காட்டாதீங்க, பைப்பைச் சுத்திக் காட்டுங்க. மங்கின செவப்பு வந்ததும் ராடைத் தொட்டா அதுவா உள்ள போகும். அந்நேரம் உள்ள நைட்ரஜன் மெதுவா ஓடோணும், இல்லாட்டி கருப்புச் செதில் உரிஞ்சு கம்ப்ரசர் வரைக்கும் போகும்.

காப்பருக்குக் காப்பர்னா பாஸ்பரஸ் ராடு போதும், ஃபிளக்ஸ் (ஒட்டற எடத்தைச் சுத்தம் பண்ற பசை) வேண்டாம். பித்தளை வால்வுன்னா ஃபிளக்ஸ் வேணும். இரும்புக் குழாய் வந்தா மட்டும் பாஸ்பரஸ் ராடைத் தொடாதீங்க, ஜாயின்ட் மொறுமொறுன்னு ஒடையும். உங்க விலை கூடின வெள்ளி ராடு, பாஸ்பரஸ் இல்லாததா வாங்கி, ஃபிளக்ஸோட அங்கதான் போடோணும்.