கோத்தகிரி லாக்கரும் சனிக்கிழமைக் கூலியும்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 42. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரிப் பருப்பு கம்பெனி நடத்துகிறேன். அப்பா தொடங்கியது, இப்போது என் பெயரில் இருக்கிறது. 28 பெண்கள் வேலை செய்கிறார்கள். போன மாதம் கோத்தகிரியில் தொழிலதிபர்களுக்கென்று நடந்த நான்கு நாள் முகாமுக்குப் போய்வந்தேன். உள்ளே நுழைந்ததுமே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டார்கள். விடியற்காலை நடை, மௌனம், வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது என்று நான் புது மனிதனாகத் திரும்பினேன். ‘நீ இல்லாவிட்டாலும் உன் தொழில் ஓட வேண்டும்’ என்பதுதான் அங்கே கற்ற பெரிய பாடம். அதற்கேற்ப, நான் இல்லாத நாட்களில் கம்பெனி நன்றாகவே ஓடியது. சனிக்கிழமைக் கூலியைக்கூட என் மனைவியே கொடுத்துவிட்டாள். இப்போது தினமும் காலையில் ஒரு மணி நேரம் மௌனம் இருக்கிறேன். பத்தரைக்கு மேல்தான் கம்பெனிக்குப் போகிறேன். ஆனால் வீட்டில் யாரும் இந்த மாற்றத்தை மதிக்கவில்லை. தானே புயல் வருடத்தில்கூடக் கம்பெனியை மூடாதவன் நான் என்று பெருமை பேசும் அப்பா, ‘மலையில் போய் உட்கார்ந்தால் கொட்டை உடையுமா?’ என்கிறார். மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜனவரியில் அடுத்த முகாமுக்குப் பணம் கட்டிவிட்டேன். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் இங்கே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் கோத்தகிரிப் பனிக்கும் சூரிய உதயத்துக்கும் ஒரு பக்கம் போயிருக்கிறது. மனைவியைப் பற்றி மொத்தம் இரண்டு வரி. அதில் ஒரு வரியை விட்டு நான் நகர்வதாக இல்லை.

சனிக்கிழமைக் கூலியை அவர் எந்தப் பணத்தில் கொடுத்தார்?

கம்பெனி உங்கள் பெயரில் இருக்கிறது. அப்படியானால் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கும், செக்கில் உங்கள் கையெழுத்துதான் செல்லும். ஆன்லைனில் எடுக்கலாம் என்றால் ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரும். போன் லாக்கரில் கிடக்கிறது, லாக்கர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 28 பேருடைய வாரக் கூலி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கிற தொகையா? நீங்களே எண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தால் அதைப் பெருமையாக எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை. ஆக, சீட்டு எடுத்தாரோ, அண்ணன் தம்பியிடம் கைமாற்று வாங்கினாரோ, வளையலைக் கழற்றினாரோ, உங்களுக்குத் தெரியாது. ஒரு மாதமாகத் தெரியாது. கேட்கவும் இல்லை. வட்டமாக உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களின் கதையையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர், வீட்டுக்கு வந்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். அவர் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதற்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ தடவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். தடவாவிட்டால் கொட்டை ஓட்டிலிருந்து கசியும் பால் தோலை அரித்துவிடும். தடவினாலும் அரிக்கத்தான் செய்யும். அந்தக் கையில் சனிக்கிழமை சாயங்காலம் காசு விழுந்தால்தான் மளிகைக்கடைப் பாக்கி, திங்கட்கிழமைக் குழுக் கடன் தவணை எல்லாம் நடக்கும். ‘முதலாளி மலைக்குப் போயிருக்கிறார், புதன்கிழமை வாருங்கள்’ என்று உங்கள் மனைவி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றினார். நீங்கள் அதை மலையில் கற்ற பாடத்துக்குச் சாட்சியாக எழுதுகிறீர்கள். கம்பெனி தானாக ஓடவில்லை, தம்பி. ஓட்டினவர் இருக்கிறார்.

மௌனமோ தனிமையோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாமுக்குப் போய்வந்தவர்கள் எனக்கு நிறைய எழுதுகிறார்கள், பாதிப் பேர் கொஞ்சம் நிதானமாகித்தான் திரும்புகிறார்கள். ஆனால் தனிமைக்குப் போக ஒரு முறை இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, வடலூரில், அதற்கு ஆள் இருந்தார். வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். பசித்து வருகிறவர்களுக்குச் சோறு தவறாமல் நடக்கிறது என்று ஆன பிறகு, 1870-ல்தான் மேட்டுக்குப்பத்துக்குத் தனியே போனார். அவர் 1874 ஜனவரியில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் சோறு நிற்கவில்லை, அந்த அடுப்பு இன்றுவரை அணையவும் இல்லை. முதலில் சோற்றுக்கு ஏற்பாடு, அப்புறம் மௌனம். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வீட்டாரைக் குறை சொல்கிறீர்கள்.

‘நீ இல்லாவிட்டாலும் தொழில் ஓட வேண்டும்’ என்ற பாடம் சரியான பாடம்தான். அதைக் காகிதத்தில் எங்கே எழுதிவைத்திருக்கிறீர்கள்? தனி உரிமையாளர் தொழிலுக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது, நீங்களும் கம்பெனியும் ஒன்றுதான். ஜி.எஸ்.டி. எண்கூட உங்கள் பான் நம்பரில்தான் நிற்கிறது. சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்: உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், அந்தக் கணக்கில் கிடக்கும் பணத்துக்காக உங்கள் மனைவி இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அன்றைக்கும் சனிக்கிழமை வரும்.

இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். நடப்புக் கணக்கை இயக்க உங்கள் மனைவிக்கும் அதிகாரம் தந்து எழுதிக் கொடுத்தால் வங்கி ஏற்றுக்கொள்ளும், அதற்குப் படிவம் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும், ஆகவே நாமினி பெயரையும் பாருங்கள். அடுத்தது பெரிய வேலை. ஆடிட்டரிடம் உட்கார்ந்து மனைவியைப் பங்குதாரராகச் சேர்ப்பதைப் பேசுங்கள். 1932-ம் வருடச் சட்டப்படி கூட்டாண்மைப் பத்திரம் எழுத வேண்டும், புது பான், புது ஜி.எஸ்.டி. எல்லாம் வாங்க வேண்டும். அலைச்சல்தான், நான்கு நாள் மலை ஏறினவருக்கு இது முடியாதா? ‘எதற்கு அதெல்லாம், மனைவிக்குச் சம்பளம் என்று கணக்கு எழுதிவிடலாம்’ என்று யாராவது குறுக்குவழி சொல்வார்கள். அதற்கான தொழில்தகுதி அவருக்கு இல்லையென்றால் அந்தச் சம்பளத்தையும் உங்கள் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்கள். அதோடு, அவர் உங்களிடம் சம்பளத்துக்கு நிற்கிற ஆள் இல்லை.

28 பேர் என்றால் பி.எஃப். உண்டு. மாதாமாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்கும் உங்கள் போன்தானா?

உங்கள் அப்பா கேலி பேசுவது தப்புதான், பேரப் பிள்ளைகள் முன்னால் மகனை அப்படிப் பேசக் கூடாது. ஆனால் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியபோது இந்த மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர் அவர். நட்ட கன்று காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும் என்று தெரிந்தும் கம்பெனியை மூடவில்லை. நீங்கள் அவருக்குப் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த வருடம் கூலி எப்படிக் கொடுத்தார் என்று கேளுங்கள். அநேகமாக உங்கள் அம்மா பெயர் வரும்.

காலை மௌனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் மௌனம் இருந்துவிட்டுப் பத்தரைக்குக் கம்பெனிக்குப் போகிறீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கிளப்பி, டிபன் கட்டி, பாய்லர் போடுகிறவர் வரவில்லை என்ற போனை எடுத்துப் பதில் சொல்வது யார்? நீங்கள் பேசாமலிருக்க அவர் இரண்டு பங்கு பேச வேண்டியிருக்கிறது. வேண்டுமானால் நாலரை மணிக்கு எழுந்து இருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். கோத்தகிரியில் எழுந்தீர்களே. எட்டரைக்கெல்லாம் கம்பெனியில் இருக்க வேண்டும்.

வீட்டாருக்குப் புரியவைக்கிற வேலையை இப்போதைக்கு விடுங்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்தப் பணக் கேள்வியை மனைவியிடம் கேளுங்கள். அவர் உடனே சொல்ல மாட்டார். இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும், கோபப்படாமல் கேளுங்கள். அடகுச் சீட்டு இருந்தால் நாளைக்கே மீட்டுக் கொடுங்கள். கடன் என்றால் கொடுத்தவர் வீட்டுக்கு நீங்களே நேரில் போய்த் திருப்பிக் கொடுங்கள், மனைவி கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஜனவரி முகாமுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மார்ச்சில் புதுக் கொட்டை வரத் தொடங்கும், கொள்முதலுக்குப் பணம் வேண்டியிருக்கும்.