மடங்கிய விரல்கள் நிமிருமா?

கேள்வி: எங்கள் ஊர் திருக்கோவில். மகளுக்கு ஐந்து வயது. இரண்டு வயதில் அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தாச்சியை வலது உள்ளங்கையால் பிடித்துவிட்டாள். வீட்டிலேயே மருந்து கட்டினோம். புண் ஆற ஒன்றரை மாதம் எடுத்தது. இப்போது சின்னவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் உள்ளே மடங்கி, நிமிராமல் நிற்கின்றன. வருகிற வருடம் பாடசாலையில் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். பெரியபிள்ளை ஆனபிறகு பார்க்கலாம் என்கிறார் மாமி. கைக்குள் பிளாஸ்டிக் வைத்துவிடுவார்களோ என்றும் அவருக்குப் பயம். எவ்வளவு செலவாகும்? எங்கே போவது?

பதில்: நிமிர்த்தலாம். ஆனால் பெரியபிள்ளை ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். மாமியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பிள்ளையின் எலும்பு வளர்கிற வேகத்துக்குத் தழும்பு வளராது. இரண்டு வயதில் தைத்த சட்டையை ஐந்து வயதில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னால் அக்குளில் எப்படி இழுபடும்? மகளின் விரல்களில் நடப்பது அதுதான். இன்றைக்குத் தோல் மட்டுமே குறுகியிருக்கலாம். ஐந்தாறு வருடம் விட்டால் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் தசைநாரும் அந்த மடங்கிய அளவுக்கே பழகிவிடும், மூட்டும் இறுகிவிடும். அதற்குப் பிறகு தோலைச் சரிசெய்தாலும் விரல் முழுதாக நிமிராது.

தழும்பு ஏன் சுருங்குகிறது என்று கேட்பீர்கள். புண் ஆறும்போது அதன் ஓரங்களை உட்பக்கமாக இழுத்து மூடுவதற்கென்றே சில கலங்கள் உருவாகும். மூன்று வாரத்துக்குள் ஆறிய புண்ணில் அவற்றின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு மேல் இழுத்தடித்தால் தழும்பு தடித்துச் சுருங்கும். நோவுக்குப் பயந்து பிள்ளை கையைப் பொத்தியே வைத்திருப்பாள், தழும்பும் அப்படியே உறைந்துவிடும். அந்த நாட்களில் விரல்களை விரித்து ஸ்பிளின்ட் (விரல்களை மடங்காமல் பிடித்துவைக்கும் தாங்கி) கட்டியிருந்தால் இவ்வளவு மடங்கியிராது. உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் இன்னொரு குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கலாம் அல்லவா? சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடியுங்கள். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு எதுவும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எண்ணெய் தடவி, தடி வைத்துக் கட்டி, நாளுக்கு நாள் இழுத்தால் நிமிர்ந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. புதிய தழும்பை மெதுவாக இழுத்துப் பயன் காணலாம். மூன்று வருடம் முற்றிய தழும்பைப் பலவந்தமாக இழுத்தால் அது வெடிக்கும், புண்ணாகும், ஆறும்போது இன்னும் சுருங்கும்.

இனி அந்தப் பிளாஸ்டிக். வாளியும் கதிரையும் செய்கிற பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. உருக்கொடுத்தல், வனைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஜெர்மன் வைத்தியர் கிரேஃப, மூக்கைச் சீரமைப்பது பற்றிய தன் நூலில் 1818இலேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். பேக்கலைட் என்ற செயற்கைப் பிளாஸ்டிக் வந்ததோ 1907இல்தான். மகளின் கையில் வைக்கப்போவது அவளுடைய சொந்தத் தோலை.

சத்திரசிகிச்சையில் நடப்பதைச் சொல்கிறேன். முழு மயக்கத்தில் செய்வார்கள். மேற்கையில் பட்டி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, இழுத்துப் பிடிக்கும் தழும்பைக் குறுக்கே வெட்டி விரலை விடுவிப்பார்கள். தழும்பு முழுவதையும் அகற்றுவதில்லை. விரல் நிமிரும்போது திறக்கும் இடைவெளியைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்: வெளியில் ஒரு நூலளவு பட்டியாகத் தெரிந்த தழும்பு, விடுபட்டபின் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத் தோல் கேட்கும். அந்த இடத்துக்கு, தொடை வயிற்றோடு சேரும் மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து முழுத்தடிப்புத் தோலை, அதாவது மேல்தோலையும் அடித்தோலையும் சேர்த்தே, எடுத்து ஒட்டித் தைப்பார்கள். எடுத்த இடம் ஒரு கோடாக மூடிவிடும், ஜங்கிக்குள் மறைந்தும்விடும். உள்பக்கமாக எடுத்தால் வயதுக்கு வந்தபிறகு உள்ளங்கையில் மயிர் முளைக்கும் என்பதால்தான் வெளிப்பக்கம்.

ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துவைத்திருங்கள். உள்ளங்கை வெளிறிய நிறம். வயிற்றோரத் தோல் அங்கே போனால் கறுப்பாகத் தெரியும். காலின் உள்ளங்கால் வளைவிலிருந்து எடுத்தால் நிறம் நன்றாகப் பொருந்தும், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது சரிவராது. வைத்தியரிடம் கேட்டுப்பாருங்கள்.

விரல் முழுதாக ஒரே தடவையில் நிமிராமலும் போகலாம். குறுகிய இரத்தக்குழாயை ஒரேயடியாக இழுத்தால் விரல்நுனி வெளிறிவிடும். அப்போது வைத்தியர் கொஞ்சம் மடக்கியே விடுவார். அதை அரைகுறை வேலை என்று நினைக்க வேண்டாம், விரலைக் காப்பாற்றுகிற வேலை அது.

ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் அடியிலிருந்து ஊறும் நீரைக் குடித்தே உயிரோடு இருக்கும். ஐந்து, ஆறு நாளில்தான் புது இரத்தக்குழாய்கள் சரியாக ஓடத் தொடங்கும். இடையில் ஓர் அசைவு, அடியில் ஒரு துளி இரத்தக்கட்டி போதும், அந்த இடத்தில் தோல் பிடிக்காது. அதனால் விரலுக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி இரண்டு மூன்று வாரம் நிமிர்த்திவைப்பது வழக்கம். சிறுபிள்ளைகள் கட்டை உருவிவிடுவார்கள் என்று முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டும் போடுவார்கள். முதல் கட்டு பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் திறக்கப்படும். தோல் ஊதா நிறமாக இருந்தால் பயப்படாதீர்கள்.

இதுவரை வைத்தியரின் வேலை. அடுத்த ஆறு மாதம் உங்களுடையது, அங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒட்டிய தோலும் சுருங்கப் பார்க்கும். இரவில் ஸ்பிளின்ட் கட்டாயம். பகலில் பிசியோதெரபி சொல்லித்தருகிற பயிற்சி. தோல் நன்றாகப் பிடித்தபின், அவர்கள் சரியென்றதும், தேங்காய் எண்ணெய் தடவி நாளுக்கு மூன்று நான்கு தடவை பெருவிரலால் அழுத்தி உருவிவிட வேண்டும். எங்கள் கரையோர வெக்கையில் ஸ்பிளின்டுக்குள் வியர்த்துக் கடிக்கும், பிள்ளை இரவில் அழும். அன்றைக்கு மட்டும் கழற்றலாம் என்று நினைப்பீர்கள். நான் பார்த்த அளவில் திரும்ப மடங்கிய கைகளின் கதை பெரும்பாலும் அந்த இரவில்தான் தொடங்குகிறது. கழற்றிக் கழுவித் துடைத்து, உள்ளே பருத்தித்துணி வைத்துத் திரும்பக் கட்டுங்கள்.

வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். மாதம் ஒருமுறை கையைத் தாளில் விரித்துவைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள், திகதியும் போடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பே முதல் படத்தை வரையலாம். விரல்கள் தாளில் படுகின்றனவா, எவ்வளவு தூரம் நீள்கின்றன என்பதை ஒரு பார்வையில் கண்டுகொள்வீர்கள். ஒட்டிய இடத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும், அதனால் சூடான கோப்பையைப் பிடித்தாலும் அவளுக்குத் தெரியாமல் போகலாம். பிள்ளை வளரும்போது இன்னொருமுறை தோல் வைக்க நேர்வதும் உண்டு.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. உங்கள் செலவு பஸ்ஸும் சாப்பாடும், கூட நிற்பவர் இழக்கிற கூலியும்தான். திருக்கோவில் ஆதார வைத்தியசாலையில் வைத்தியரைக் கண்டு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பாடசாலை தொடங்குவதற்கு நான்கைந்து மாதம் முன்பே திகதி கேளுங்கள், வரிசை இருக்கும். குறித்த நாளில் பிள்ளைக்குத் தடிமனோ சளியோ என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், மயக்கம் கொடுப்பது ஆபத்து.

இன்னொன்று. அன்றைக்கே மயக்கம் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்து, முதல்நாள் கிளினிக்குக்கே பிள்ளையைப் பட்டினியாகக் கூட்டிவருகிற தாய்மார் இருக்கிறார்கள். அன்றைக்குக் கையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முதல் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுங்கள்.